தோள் சுமந்த நகரம்

நுழையும்முன்

துறைமுக நகருக்குச் செல்பவர் மூன்றைத் தேடுகிறார்: நாவுக்கு உணவு, இரவுக்குப் படுக்கை, கால்கள் களைக்கும்வரை சுற்றித் திரிய ஒரு வெளி. மலேசியாவின் பினாங்கு இம்மூன்றையும் வாரி வழங்கும் நகரம். அங்கு நாம் உண்ணும் சோறும் உறங்கும் அறையும் ஏறும் மலையும் யாருடைய தோள்களால் ஆனவை என்று கேட்டுக்கொண்டே நகரைச் சுற்றி வருகிறது இப்பாடம்.

பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்று பார்த்தால் பினாங்குத் தீவு கைக்கெட்டும் தொலைவில் தெரிகிறது. இடையிலுள்ள கடல், மிகக் குறுகிய இடத்தில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே உடையது. 1985இல் ஒரு பாலமும் 2014இல் மற்றொரு பாலமும் திறக்கப்பட்ட பின்னர் பெரும்பாலோர் மகிழுந்திலேயே தீவை அடைந்துவிடுகின்றனர். எனினும் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனை முதன்முறை காண்பவர் படகில் செல்வதே முறை. கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் கால்நட்டு நிற்கும் மரவீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வர, அவற்றின் பின்னே நகரமும் அதன் பின்னே பச்சை மலைத்தொடரும் எழுகின்றன. துறை, நகர், மலை என்ற இவ்வரிசையிலேயே நாமும் செல்லலாம்.

மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. பாக்கு மரங்கள் செழித்த தீவு ‘பூலாவ் பினாங்’ ஆயிற்று. 1786ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமத்தின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கினார். கெடா சுல்தானிடமிருந்து அதனைப் பெற்று, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஒரு நகரை அமைத்தார். மலாக்கா நீரிணையின் வடவாயிலில் அமைந்தமையும், தீவே அணையாக நின்று கப்பல்களைக் காற்றிலிருந்து காத்தமையும் இத்துறையின் இயற்கை வளங்கள். வந்திறங்கும் சரக்குக்குத் தீர்வை இல்லை என்ற அறிவிப்பு, மனிதர் சேர்த்த வளம். சீனர், மலாய்க்காரர், அச்சே நாட்டார், சயாமியர், பர்மியர், அரபியர், ஆர்மீனியர் எனப் பலரும் இங்குக் குடியேறினர்.

அவர்களுள் தமிழர் புதியவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அத்துறையில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் குறிக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் எனப் பொருள் கூறினார். முதலாம் இராசேந்திர சோழன் 1025இல் கடற்படை செலுத்திய அக்கடாரம், பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள இன்றைய கெடாவே என்பர் ஆய்வாளர். பிரான்சிஸ் லைட் வருவதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் கெடாவில் வணிகம் செய்துவந்தனர். ‘சூலியர்’ என்று அழைக்கப்பட்ட அவர்களின் பெயரை ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் கடையைக் ‘கெடாய்’ என்றும் கப்பலைக் ‘காப்பால்’ என்றும் சொல்லக் கேட்கும் தமிழருக்கு, தம் வீட்டுப் பொருளை அயலார் வீட்டில் கண்ட வியப்பு உண்டாகும்.

தோளில் வந்த சோறு

பினாங்கில் பசியோடு இறங்குபவரை எந்தத் தெருவும் கைவிடுவதில்லை. ஆயினும் முதல் வேளை உணவாக எதனை உண்பது என்று கேட்டால் ‘நாசி கண்டார்’ என்றே சொல்லவேண்டும். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தண்டின் இருமுனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்குதல். நம் ஊரில் காவடி, காத்தண்டு என்னும் சொற்கள் குறிப்பதும் இதனையே. சமைக்கும் முறையாலோ சேர்க்கும் பொருளாலோ பெயர் பெறும் உணவுகள் பல. சுமந்து வந்த முறையால் பெயர் பெற்ற உணவு அரிது.

இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் இவ்வணிகத்தைத் தொடங்கினர். கையில் முதல் இல்லை. கடைக்கு வாடகை கொடுக்க வழியும் இல்லை. தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பானை. இரண்டையும் தோளில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் துறைமுகத்தை நோக்கி நடந்தனர். அங்குக் கப்பலிலிருந்து தொங்கானுக்கும் தொங்கானிலிருந்து கரைக்கும் மூட்டை சுமப்போர் பசியோடு காத்திருந்தனர். ஆக, சோறு சுமந்த தோளும் மூட்டை சுமந்த தோளும் எதிரெதிரே அமர்ந்த இடத்தில் பிறந்தது இவ்வுணவு. நாள் முழுதும் உடல் வருந்தி உழைப்பவருக்கு வேண்டியவை வயிறு நிறையும் சோறும், நாவில் உறைக்கும் குழம்பும், கைக்கு அடங்கும் விலையும். இம்மூன்றும் அதில் இருந்தன.

பின்னர்ப் பானைகள் தோளிலிருந்து இறங்கிக் கடைக்குள் புகுந்தன. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகத்தின் வரலாறு 1907இலிருந்து தொடங்குகிறது. இன்று கடை வாயிலில் வரிசையில் நின்று, வறுத்த கோழி, மீன்தலைக் குழம்பு, கணவாய், வெண்டைக்காய், உப்பிட்ட முட்டை ஆகியவற்றுள் விரும்பியதைச் சுட்டிக்காட்டிப் பெறலாம். பரிமாறுபவர் ஒரே குழம்பை ஊற்றி நிறுத்துவதில்லை. மீன்குழம்பில் ஒரு கரண்டி, கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, இறைச்சிக்குழம்பில் ஒரு கரண்டி எனக் கலந்து ஊற்றுகிறார். சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுவோர் ‘பஞ்சிர்’ என்கின்றனர். மலாய் மொழியில் அதற்கு வெள்ளம் என்று பொருள். குழம்புகளைத் தனித்தனியே ஊற்றி முறையாக உண்டு பழகிய நமக்கு இக்கலவை முதலில் ஒவ்வாததாகத் தோன்றலாம். மூன்றாவது கவளத்தில் அவ்வெண்ணம் மாறிவிடும். இச்சுவை எந்த ஒரு குழம்புக்கும் உரியதன்று, கலவைக்கே உரியது.

இத்தகைய உணவகம் நடத்துவோரை மலேசிய மக்கள் ‘மாமாக்’ என்று அழைக்கின்றனர். மாமா என்னும் உறவுச்சொல்லே இவ்வாறு வழங்குகிறது என்பர். அடுப்படியில் நிற்பவரை உறவுமுறை சொல்லி அழைக்கும் அவ்வூரின் வழக்கத்தில் ஓர் அன்பு இருக்கிறது. அவர் கலக்கும் மஞ்சள் நூடுல்ஸ் வறுவலும், ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயர்த்தி ஆற்றித்தரும் ‘தே தாரிக்’ தேநீரும் பிற்பகல் வேளைக்கு உரியவை. தெருமுனையில் ‘புட்டு மாயம்’ விற்பவரைக் கண்டால் நின்று பார்க்கவேண்டும். பெயர் புட்டு, பண்டம் இடியாப்பம்! கடல் கடந்த சொல் பொருள் மாறி வேரூன்றியதற்கு அது நல்ல சான்று.

சீனர் கடைகளின் கதையும் வேறன்று. ‘சார் குவே தியாவ்’ என்பது பட்டையான அரிசிச் சேவையை இறால், சிப்பி, முளைகட்டிய பயறு ஆகியவற்றோடு கடுந்தீயில் வறுத்தெடுக்கும் உணவு. மீன்பிடிப்போரும் சிப்பி சேகரிப்போரும் மாலையில் கூடுதல் வருவாய்க்காக இதனை விற்கத் தொடங்கினர் என்று கூறப்படுகிறது. ‘அசாம் லக்சா’ மீனும் புளிப்பும் சேர்ந்த குழம்பில் அரிசிச் சேவையை இட்டு, புதினாவும் அன்னாசித் துண்டுகளும் தூவி, கரிய இறால் விழுதை ஒரு கரண்டி சேர்த்துத் தரப்படுவது. மலாய் நாட்டுப் புளிப்பும் சீனர் நாட்டுச் சேவையும் கலந்த அக்கிண்ணம், யாருடைய உணவு என்ற கேள்விக்கு விடை தராமலே காலியாகிவிடுகிறது.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க இயலாது. தெருவோரக் கடைகளில் பினாங்கின் சிறப்பு உணவுகளை அயல்நாட்டுத் தொழிலாளர் சமைக்கக்கூடாது என்று பினாங்கு மாநில அரசு அறிவித்தது. அவ்விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூரார் கைப்பக்குவம் அழிந்துவிடக்கூடாது என்பது அரசின் கவலை. அது பொருளற்ற கவலையன்று. சுவையைக் காண வருபவரே அந்நகரின் வருவாய். ஆயினும் அவ்வுணவுகளை முதலில் சமைத்தவர் யார்? கையில் முதலின்றிக் கப்பலேறி வந்த அயலார் அல்லரோ? நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்விதி இருந்திருந்தால் தண்டில் தொங்கிய பானைகள் துறைமுகத்தை அடைந்திருக்குமா என்று ஒரு பயணி எண்ணிப்பார்ப்பது தவறாகாது.

தங்கியவரும் தங்கவைக்கப்பட்டவரும்

கடலை நோக்கி வெள்ளை மாளிகையாக எழுந்து நிற்கும் கிழக்கு - கீழைத்திசை விடுதியைப் பினாங்கில் காணாமல் இருக்க முடியாது. ஆர்மீனியரான சார்க்கிஸ் உடன்பிறந்தோர் 1880களில் நிறுவியது அது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியும் இரங்கூனின் ஸ்ட்ராண்டு விடுதியும் அக்குடும்பத்தாரின் முயற்சிகளே. சாமர்செட் மாம், ஹெர்மன் ஹெஸ்ஸே முதலிய எழுத்தாளர்கள் பினாங்கு விடுதியில் தங்கியுள்ளனர். பயண நூல்கள் இவ்விடுதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அவை பெரும்பாலும் எழுதாத தங்குமிடங்கள் சில உண்டு.

‘ரஜூலா’ என்னும் கப்பல் 1920களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனச் சென்றுவந்தது. அறை எடுக்க இயலாதோர் மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டனர். தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளருக்கு, கப்பல் பினாங்கை நெருங்கியதும் நகரம் கிடைத்துவிடவில்லை. அவர்களை இறக்கித் தங்கவைத்த இடம் பூலாவ் ஜெரெஜாக் என்னும் சிறு தீவு. நோய் பரவாமல் தடுக்க அமைக்கப்பட்ட தனிமைப்படுத்தும் நிலையம் அங்கு இருந்தது. மலாயா மண்ணில் பலருக்கு முதல் இரவு அங்கேதான் கழிந்தது. தொழுநோயாளர் குடியிருப்பும் அத்தீவில் இருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாகவும் விளங்கியது. பின்னர் அதே தீவில் சுற்றுலா விடுதி ஒன்றும் எழுந்தது என்பது காலத்தின் விளையாட்டு.

நகருக்குள் வந்த நகரத்தார் வணிகர், ‘கிட்டங்கி’ எனப்பட்ட நீண்ட கட்டடத்தில் தங்கினர். ஒவ்வொருவருக்கும் தரையில் சிறிது இடம், ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம். பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல் நடந்தது. இரவில் அங்கேயே பாய் விரிந்தது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய புதினங்களைப் படித்தோர் இவ்வாழ்க்கையின் மணத்தை அறிவர். சீனர்களுக்கோ அவரவர் குலத்தின் ‘கொங்சி’ இருந்தது. புதிதாக வந்தவருக்குச் சோறும் படுக்கையும் தந்து வேலையும் தேடிக்கொடுத்தது. கடலில் கால்நட்டு வீடு கட்டிக்கொண்ட குலத்தாரும் உண்டு. சியூ, லிம், டான் எனக் குலப்பெயர் தாங்கிய அம்மரத்துறைகளில் சில இன்றும் நிற்கின்றன. இரண்டு 2006இல் அகற்றப்பட்டுவிட்டன.

தெரியுமா?
மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட பின்னர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரை ஆங்கிலேயர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினர். துரைசாமி அப்போது சிறுவர். சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அவர் 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டார். இளமையிலேயே முதுமைத் தோற்றம் எய்தியிருந்த அவரை அடையாளம் காண இயலாமல் வருந்தியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

இனி, இன்றைய பயணி எங்கே தங்குகிறார்? பெரும்பாலும் பழைய கடைவீடு ஒன்றில். முன்புறம் கடை, பின்புறமும் மேல்மாடியும் வீடு, நடுவே வானம் தெரியும் முற்றம் என்பது கடைவீட்டின் அமைப்பு. தெருவோரமாக, வெயிலும் மழையும் படாமல் நடக்க விடப்பட்ட ஐந்தடி அகல நடைவழியைத் தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். சோற்றுக் காவடியை இறக்கிவைத்து விற்றதும், முடிதிருத்துவோரும் பூத்தொடுப்போரும் தொழில் செய்ததும், இடமற்றோர் படுத்துறங்கியதும் இந்த அஞ்சடியில்தான்.

ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் இடிபடாமல் பிழைத்ததற்கு ஒரு சட்டம் முதன்மைக் காரணம். 1948ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்திருந்தது. வருவாய் இல்லாத வீட்டை இடித்துக் கட்ட உரிமையாளர் முன்வரவில்லை. தையற்காரர், பொற்கொல்லர், மசாலா அரைப்போர், கூடை முடைவோர் எனச் சிறுதொழில் செய்தோர் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அச்சட்டம் முடிவுக்கு வந்தது. வாடகைகள் உயர்ந்தன, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். காலியான வீடுகள் சிலவற்றில், உண்ணத்தகும் கூடு கட்டும் உழவாரக் குருவிகளை உரிமையாளர் குடிவைத்தனர். மனிதர் தந்த வாடகையைவிடப் பறவை தந்த கூட்டுக்கு விலை மிகுதி!

2008ஆம் ஆண்டு சூலையில் யுனெஸ்கோ அமைப்பு மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச்சின்னங்களாக அறிவித்தது. கட்டடங்களோடு, அங்குக் கலந்து வாழ்ந்த மக்களின் வழக்கங்களும் அம்மதிப்புக்குக் காரணமாயின. அறிவிப்பினால் சிதைந்த கூரைகள் செப்பனிடப்பட்டன. ஓடுகளும் சன்னல்களும் பழைய முறையில் புதுப்பிக்கப்பட்டன. சீன வணிகர் சியோங் ஃபாட் சேயின் நீலமாளிகை போன்ற பெருவீடுகளும், எண்ணற்ற சிறு கடைவீடுகளும் விடுதிகளாகிப் பயணிகளை வரவேற்கின்றன. முற்றத்தில் மழை விழும் ஓசை கேட்டபடி அங்கு உறங்குவது இனிய பட்டறிவு என்பதை மறுக்க வேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் பல வீடுகள் சரிந்தே போயிருக்கும். எனினும் அவ்வறையில் முன்பு தையல் எந்திரம் ஓடியிருக்கலாம். ஒரு குடும்பத்தின் தொட்டில் ஆடியிருக்கலாம். மக்களின் வாழ்க்கைக்காகப் பெற்ற சிறப்பு, அம்மக்களே அங்கு வாழ இயலாத அளவுக்கு வாடகையை உயர்த்துமானால் பாதுகாக்கப்படுவது எது என்னும் கேள்வியை ஜார்ஜ் டவுன் மக்களே கேட்டு வருகின்றனர். இன்னும் அதற்கு முடிவு காணப்படவில்லை.

மலையும் கடலோரக் காடும்

நகரத்திலிருந்து அரைமணி நேரத்தில் காட்டுக்குள் நுழைந்துவிட முடிவது பினாங்கின் தனிச்சிறப்பு. தீவின் நடுவில் எழும் பினாங்கு மலையின் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர் உயரமுடையது. வெப்பம் தாங்காத ஆங்கிலேயர் தொடக்க காலத்திலேயே அங்கு மாளிகைகள் கட்டிக்கொண்டனர். அவர்கள் நடந்து ஏறவில்லை. டோலியில் அமர்ந்துகொள்ள, கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினர். சோற்றுப் பானையைச் சுமந்த தண்டைப் போன்றதொரு தண்டே இங்கு மனிதரைச் சுமந்தது.

1923இல் இழுவை இரயில் ஓடத் தொடங்கியதும் டோலிக்கு வேலையற்றுப் போயிற்று. கம்பிவடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்கு உதவுவதால் எந்திரத்தின் உழைப்பு குறைகிறது. முற்காலத்தில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டியிருந்தது. 2011இல் புதுப்பிக்கப்பட்ட பின்னர் அடிவாரத்திலிருந்து உச்சி நிலையம்வரை ஒரே பெட்டியில் சில மணித்துளிகளில் சென்றுவிடலாம்.

உடல்வலிமை உடையோர் இரயிலை விட்டு நடப்பதையே பரிந்துரைக்கலாம். 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவை அடுத்துள்ள வட்டவடிவ நிலாவாயிலிலிருந்து ஒரு மலைப்பாதை தொடங்குகிறது. வேர்களே படிகளாக அமைந்த செங்குத்தான வழி அது. நிலநடுக்கோட்டை ஒட்டிய காட்டின் ஈரக்காற்றில், கால்மணி நேரத்திலேயே சட்டை நனைந்துவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் வரைந்தாற்போன்ற கரிய மந்திகள் கிளைகளிலிருந்து எட்டிப் பார்க்கும். உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு செல்லாதிருப்பது நன்று. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, பிற்பகல் மழைக்கு முன் முடித்துக்கொள்வதே உள்ளூரார் வழக்கம். இம்மலைக்காடும் சூழ்ந்துள்ள பகுதிகளும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன.

பூங்காவுக்கு அருகில் தமிழர் ‘தண்ணீர்மலை’ என்று வழங்கும் குன்றும் உள்ளது. அருவி விழும் இடமாதலால் அப்பெயர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளின் உச்சியில் பாலதண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தாரின் வெள்ளித்தேர் நகரிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். சீனர் தெருவில் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைத்து வழிபடுவர். தைப்பூசத்தன்று பல்லாயிரவர் காவடி சுமந்து வெறுங்காலோடு படியேறுவர். பசிக்காகவும் கூலிக்காகவும் சுமந்த தோள்கள், ஆண்டில் ஒருநாள் தாமே விரும்பிச் சுமக்கும் சுமை அது.

கடலோரக் காட்டைக் காண விரும்புவோர் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பாகாங் சிற்றூருக்குச் செல்லவேண்டும். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்குத் தேசியப் பூங்காவின் வாயில் அங்குள்ளது. வாயிலைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடலை ஒட்டிச் சென்று, 1883இல் கட்டப்பட்ட முக்கா முனைக் கலங்கரை விளக்கத்தை அடைகிறது. மற்றொன்று குன்றேறி இறங்கிக் கெராச்சூட் கடற்கரைக்குச் செல்கிறது. ஒன்றரை மணிநேர நடைக்குப் பின் காட்டின் இருள் திடீரென விலகி வெண்மணற்பரப்பு விரியும்போது களைப்பு மறந்துபோகும். மணலுக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு. அடியில் கடலின் உப்புநீர், மேலே ஓடைகளின் நன்னீர். இரண்டும் கலவாமல் அடுக்கடுக்காக நிற்பது அவ்வேரியின் விந்தை. கோடையில் ஏரியில் நீர் வற்றி வெறும் சேறாகக் கிடப்பதும் உண்டு. அக்காலத்தில் செல்பவர் ஏமாறக்கூடாது. பேராமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் இடமும் இக்கடற்கரையே. முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் காப்பிடம் ஒன்று அங்கு இயங்குகிறது. நீந்துவதற்கு இக்கரை உகந்ததன்று. இழுப்பு மிகுந்த நீரும் சொறிமீன்களும் இருப்பதால் எச்சரிக்கைப் பலகைகளை மதித்தல் வேண்டும். திரும்பி நடக்க இயலாதோரை ஏற்றிச்செல்லப் படகோட்டிகள் காத்திருப்பர். விலையை ஏறும் முன்பே பேசிக்கொள்வது பயணியின் கடன்.

ஒருநாளே இருப்பவர் இவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். மலையையே தேர்க. மாலையில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாளில், உச்சியிலிருந்து கிழக்கே நோக்கினால் நகரின் கூரைகளும் நீரிணையில் ஊரும் படகுகளும் பாலமும் தெரியும். வடக்கே, கடலுக்கு அப்பால், நீலநிழலாக ஒரு தனிமலை எழுந்து நிற்கும். அது கெடாவின் ஜெராய் மலை. வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கரை நெருங்கியதை முதலில் அறிவித்தது அம்முகடுதான். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோவில்களின் அடித்தளங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர். நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’வின் தளத்தில் படுத்து வந்தவர்களுக்கும் முதலில் தெரிந்தது இம்மலைத்தொடர்களின் விளிம்பாகவே இருந்திருக்கும். இருள் சூழத் தொடங்கியதும் ஜெராய் மறைகிறது. கீழே தெருவோரக் கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. இறங்கும் பெட்டி நிலையத்தில் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் தலையிலோ தோளிலோ மிதிவண்டியிலோ சுமந்து வந்து விற்கப்படும் உணவுப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விற்பவரிடம் உரையாடி, அவ்வுணவின் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘பழைய குடியிருப்புகளைச் சுற்றுலா விடுதிகளாக மாற்றுதல்’ என்னும் பொருளில் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. மலாய் மொழியில் வழங்கும் தமிழ்ச்சொற்களையும் தமிழில் வழங்கும் மலாய்ச் சொற்களையும் திரட்டி, அவற்றின் பொருள் மாற்றங்களை அட்டவணைப்படுத்துக.